முதலில் விலையைக் கேட்காதீங்க! வீட்டில் இருக்கும் பழைய காசும் நோட்டும்

(பழைய நாணயம், ரூபாய் நோட்டு குறித்துப் பொதுமக்களுக்காக நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் நாணய சேகரிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருக்கிறவர்களில் பல பேர் வீட்டில் ஒரு டப்பாவிலோ, பீரோவிலோ, சாமி அலமாரியிலோ கொஞ்சம் பழைய காசு இருக்கும். தாத்தா விட்டுப்போன விக்டோரியா ராணி ரூபாய், பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஓட்டைக் காலணா, டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு, 786 என்று முடிகிற பத்து ரூபாய் நோட்டு. இன்னொரு பக்கம், உங்கள் போனில் ஒரு வீடியோவும் வந்திருக்கும்: "இந்த நோட்டு உங்களிடம் இருக்கிறதா? நீங்கள்தான் லட்சாதிபதி!" அந்த டப்பாவும் இந்த வீடியோவும் சந்திக்கிற இடத்தில்தான் மோசடி நடக்கிறது.

நான் முப்பது வருஷமாகக் காசு சேர்க்கிறவன். எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், இது என்ன விலை போகும்?" அதில் தப்பில்லை. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி: இது என்ன காசு? இரண்டாவது: இது அசலா? மூன்றாவதுதான்: இது என்ன பெறும்? காசு பற்றித் தெரிந்தவர் யாராக இருந்தாலும் இந்த வரிசையில்தான் போவார். ஏமாற்றுகிறவன் மட்டும் நேராக மூன்றாவதற்குத் தாவுவான். உங்கள் காசை அவன் பார்த்திருக்க மாட்டான், எடை கேட்டிருக்க மாட்டான், ஆனால் விலை சொல்லிவிடுவான். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்தான்.

முதல் கேள்வி: இது என்ன?

காசைக் கையில் எடுக்கும்போது ஓரத்தைப் பிடித்து எடுங்க. முகத்தில் விரல் படக்கூடாது. வெள்ளைத் தாளில் வைத்து, ஜன்னல் பக்கம் சாய்வாக வெளிச்சம் விழுகிற மாதிரி போனில் படம் எடுங்க. முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என மூன்று படம். பிறகு பெரிதாக்கிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதில் தெரியும்.

நம் வீடுகளில் அதிகம் கிடைப்பது பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய். அதில் யார் தலை இருக்கிறது, என்ன ஆண்டு இருக்கிறது என்று பாருங்க. விக்டோரியா காசில் 1876 வரை 'குயின்' என்று இருக்கும். 1877 முதல் 'எம்பிரஸ்', அதாவது பேரரசி, என்று இருக்கும். ஏழாம் எட்வர்ட் ரூபாய் 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் 1911 முதல் 1922 வரை. ஆறாம் ஜார்ஜ் ரூபாய் 1938-ல் தொடங்குகிறது. 1940 முதல் வெள்ளியின் அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, அது நிக்கல்.

அப்புறம் காலணா. பதினாறு அணா ஒரு ரூபாய். நாலு காலணா ஓர் அணா. ஆக 64 காலணா ஒரு ரூபாய். நடுவில் ஓட்டை போட்ட காலணா 1943 முதல் 1947 வரை வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் நூறு பைசாவுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கு வந்தது. தொடக்கத்தில் வந்த காசுகளில் 'நயா பைசா' என்று இருக்கும். 1964-ல் அந்த 'நயா' போய்விட்டது.

சுதந்திர இந்தியாவின் காசு என்றால் ஆண்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் குறியைத் தேடுங்க. டைமண்டு வடிவம் இருந்தால் மும்பை நாணயச் சாலையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். வட்டப் புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மாதிரி காசு, ஆனால் ஒரு சாலையில் நிறைய அடித்திருப்பார்கள், இன்னொன்றில் குறைவாக. சேகரிப்பாளர் அந்தக் குறியைத்தான் முதலில் பார்ப்பார்.

நோட்டு என்றால் வெளியிட்டது யார், கையெழுத்து யாருடையது என்று பாருங்க. ஒரு ரூபாய் நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசு. அதில் நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும். முதல் ஒரு ரூபாய் நோட்டு 1917-ல் வந்தது. "ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்துப் போட்ட அபூர்வ ஒரு ரூபாய் நோட்டு" என்று யாராவது விற்க வந்தால், இரண்டாவது கேள்விக்குப் போகவே வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: இது அசலா?

முதல் கேள்விக்குச் சரியாக விடை கண்டுபிடித்தாலே பாதிப் போலி அங்கேயே சிக்கிவிடும். 1862 என்று ஆண்டு, ஆனால் 'எம்பிரஸ்' என்று எழுத்து. அப்படி ஒரு ரூபாய் இருக்கவே முடியாது. ராணிக்கு அந்தப் பட்டம் காசில் வந்ததே 1877-ல்தானே!

நம் ஊரில் அதிகம் சுற்றுகிற போலி இன்னொன்று. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன். மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', 'ஒன் அணா' அல்லது 'ஹாஃப் அணா', ஆண்டு 1616, 1717, 1818 இப்படி. கம்பெனி சென்னையில் சாமி உருவம் போட்ட வராகன்களை அடித்தது உண்மைதான். ஆனால் இந்த மாதிரி அணாக் காசை அது ஒருநாளும் வெளியிட்டதில்லை. சென்னையில் கம்பெனிக்கு இடமே 1639-ல்தான் கிடைத்தது. அதன் அசல் அரையணா, காலணாச் செம்புக் காசுகளில் 1835 முதல் இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும் கம்பெனிச் சின்னம்தான் இருக்கும். ராமர் காசு பிற்காலத்தில் பக்திக்காகச் செய்த டோக்கன். பூஜையில் வைத்துக் கும்பிடலாம். லட்சம் கொடுத்து வாங்கக்கூடாது.

இதே காசைத்தான் "அரிசியை இழுக்கும், இரிடியம் சக்தி இருக்கிறது, வெளிநாட்டு விஞ்ஞானிகள் கோடி கொடுப்பார்கள்" என்று சொல்லி விற்கிறார்கள். காந்தத்தையும் இரும்புத்தூள் சேர்த்த அரிசியையும் வைத்துக் காட்டுகிற வித்தை அது. நிலத்தை விற்று அந்த வித்தைக்குப் பணம் கட்டிய குடும்பங்கள் உண்டு.

சரி, வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நாலு சொல்கிறேன்.

ஒன்று, எடை. 1835 முதல் 1939 வரையிலான வெள்ளி ரூபாய் எல்லாமே 11.66 கிராம். கைமாறித் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். ஆனால் பத்து கிராம்தான் இருக்கிறது என்றால் சந்தேகப்படணும். தெரிந்த நகைக்கடையில் எடை போட்டுத் தருவார்கள்.

இரண்டு, காந்தம். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டாது. 'வெள்ளி ரூபாய்' ஒட்டினால் அது வெள்ளி இல்லை. அதே நேரம், 1947-ம் ஆண்டு நிக்கல் ரூபாய் ஒட்டத்தான் செய்யும், அது அசல். அதனால்தான் முதலில் 'இது என்ன' என்று தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

மூன்று, தண்ணீர். சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்க. காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்க. தராசு ஓர் எண் காட்டும். காசின் எடையை அந்த எண்ணால் வகுங்க. பழைய வெள்ளி ரூபாய்க்கு 10.3 பக்கம் வரணும். அதாவது 11.66 கிராம் காசுக்குத் தராசு சுமார் 1.13 காட்டும். 1.3 காட்டினால் உள்ளே வேறு உலோகம் இருக்கிறது.

நான்கு, விளிம்பும் எழுத்தும். அசல் காசு அச்சில் அழுத்தி அடித்தது. எழுத்து ஓரம் கூர்மையாக இருக்கும், விளிம்பில் கோடுகள் ஒரே சீராக இருக்கும். போலி பெரும்பாலும் வார்ப்பு. எழுத்து மழுங்கி, மேலே ஊசிமுனை அளவில் குழிகள் இருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சு சேர்ந்த தையல் மாதிரி ஒரு கோடும், அதை அரத்தால் தேய்த்த தடமும் தெரியும். அபூர்வமான ஆண்டு என்றால் அந்த ஒரு எண்ணை மட்டும் பெரிதாக்கிப் பாருங்க. எண்ணை மாற்றிச் செதுக்குவது பழைய தொழில்.

கீழே போட்டு 'ணங்' என்று சத்தம் கேட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டாம். காசு அடிபடும்.

நோட்டுக்கு வெளிச்சம்தான் சோதனை. ஜன்னலுக்கு எதிரே பிடித்து நீர்க்குறியைப் பாருங்க, பாதுகாப்பு இழையைப் பாருங்க. கிழிசலை ஒட்டியிருந்தால் அப்போதே தெரியும். எண் அச்சிட்ட இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்கணும். "அச்சுப்பிழை நோட்டு" என்று விற்பதில் ரொம்ப ஜாக்கிரதை. நல்ல நோட்டில் மையை அழித்துப் பிழை உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அழித்த இடத்தில் தாள் மெலிந்து, சொரசொரப்பாக இருக்கும்.

இன்னொன்று. போனில் படம் காட்டினால் காசின் பெயர் சொல்கிற செயலிகள் வந்துவிட்டன. நுமிஸ்டா மாதிரி இணையப் பட்டியலில் உலகக் காசுகளின் எடை, அளவு, உலோகம் எல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். பயன்படுத்துங்க. ஆனால் அவை முதல் கேள்விக்கு மட்டும்தான் உதவும். அசலா என்பதைப் படம் சொல்லாது. காசைக் கையில் வாங்கிப் பார்க்கிற மனிதர்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது கேள்வி: என்ன பெறும்?

இப்போது விலைக்கு வரலாம். ஒரு காசுக்கு மூன்று மதிப்பு உண்டு.

முதலாவது முகமதிப்பு. செல்லுகிற நோட்டாக இருந்தால் குறைந்தது அதில் போட்ட தொகை பெறும். டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இன்றைக்கும் செல்லும், அஞ்சு ரூபாய்க்கு. நான்கணா, அதாவது 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 பைசா செல்லும்.

இரண்டாவது உலோக மதிப்பு. பழைய வெள்ளி ரூபாயில் 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. அப்படியென்றால் 11.66 கிராம் காசில் சுத்த வெள்ளி 10.69 கிராம். அதை அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் அதுதான் அடிமட்ட விலை. தேய்ந்த காசுக்கு அதன் இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போடுங்க. 1940-க்குப் பிந்தைய ரூபாயில் பாதிதான் வெள்ளி, சுமார் 5.8 கிராம். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் வெள்ளிக் காசு 15 கிராம், அதில் 12 கிராம் வெள்ளி. இந்தக் கணக்குத் தெரியாமல், காசில் போட்டிருக்கிற ஒரு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கொஞ்சம் மேலே வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்ட பெரியவர்கள் உண்டு. ஏமாற்று என்பது பெரிய விலை சொல்வது மட்டுமில்லை, சின்ன விலை சொல்வதும்தான்.

மூன்றாவது சேகரிப்பு மதிப்பு. இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். பழமை வேறு, அருமை வேறு. ராஜராஜ சோழன் ஆட்சி 985 முதல் 1014 வரை. அவன் பெயர் பொறித்த செம்புக் காசு ஆயிரம் வருஷப் பழசு. ஆனால் நிறைய அடித்தார்கள், நிறையக் கிடைக்கிறது. சாதாரண நிலையில் உள்ளதற்குச் சில நூறு ரூபாய் கிடைத்தால் அதிகம். 1939-ம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயசு ஆகவில்லை. ஆனால் அந்த ஆண்டுக் காசு வெளியே வந்தது ரொம்பக் குறைவு. அதனால் அதற்குப் போட்டி. போட்டி இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும் என்பதை மறக்காதீங்க.

அடுத்தது நிலை. கைமாறாத காசுக்கும் தேய்ந்த காசுக்கும் விலை பல மடங்கு மாறும். நோட்டில் ஒரே ஒரு மடிப்பு இருந்தாலும் குறையும். 786, ஒரே எண் ஆறு தடவை, பிறந்த தேதி எண் என்று நோட்டு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மடியாத புது நோட்டாக இருந்தால் முகமதிப்புக்கு மேலே கொஞ்சம் கொடுப்பார்கள். கசங்கிய 786 நோட்டுக்கு லட்சம் கொடுக்கிற ஆளை முப்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

விலையை எங்கே பார்ப்பது? விற்பனைத் தளத்தில் ஒருவர் "அஞ்சு லட்சம்" என்று போட்டிருப்பார். அது அவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை இல்லை. நாட்டில் நாணய ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்ததும் எது என்ன விலைக்குப் போனது என்று வெளியிடுவார்கள். உங்கள் காசின் அதே ஆண்டு, அதே நாணயச் சாலை, அதே நிலையில் உள்ளது போன விலையைத் தேடுங்க. கடைக்காரரிடம் விற்றால் அதைவிடக் குறைவாகத்தான் தருவார். அவருக்கும் லாபம் வேண்டும், அது நியாயம். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்க.

ஒரே ஒரு காரியம் செய்யாதீங்க: விற்பதற்கு முன் துலக்காதீங்க. புளி, விபூதி, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். பளபளப்பாக இருந்தால் நல்ல விலை வரும் என்று நினைத்து நம் வீடுகளில் தேய்த்துவிடுகிறார்கள். பல வருஷமாகப் படிந்த நிறம்தான் அந்தக் காசின் வயசுக்குச் சாட்சி. தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

வாங்குகிறவர் பணம் கேட்டால்

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, இட்லிக் கடை வைத்திருக்கிறார். டிராக்டர் நோட்டுப் படத்தை ஒரு விளம்பரத்தில் பார்த்து அனுப்பினார். உடனே போன் வந்தது. "மேடம், உங்க நோட்டு செலக்ட் ஆயிடுச்சு. அஞ்சு லட்சம். பதிவுக் கட்டணம் 999 மட்டும் கட்டுங்க." கட்டினார். அடுத்து ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுமதிச் சான்றிதழுக்கு 4,500. பிறகு ஜி.எஸ்.டி. என்று 12,500. பணத்தை எடுத்துக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது, வழியில் நிறுத்திவிட்டார்கள் என்று 18,000. மொத்தம் 35,999 ரூபாய். அது மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சீட்டு எடுத்து வைத்திருந்த பணம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு நாலு நாள் பேசாமல் இருந்தார். அந்த நாலு நாள்தான் திருடனுக்கு வேண்டியிருந்தது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். வாங்குகிறவர் பணம் கொடுக்க வேண்டியவர். அவரே பணம் கேட்டால், அவர் வாங்க வந்தவர் இல்லை.

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பது எதிலும் அது ஈடுபடுவதில்லை. அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை. தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. ஆகவே, ரிசர்வ் வங்கி சின்னத்தோடு கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தாலே அது போலி என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி.

மேலும் நாலு விஷயம்:

- யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.
- ஓ.டி.பி., ஆதார் படம், வங்கிப் புத்தகப் படம் எதுவும் காசு விற்கத் தேவையில்லை. அனுப்பாதீங்க.
- போன் திரையைப் பகிரும் செயலியை ஏற்றச் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடுங்க.
- பணம் போய்விட்டது என்றால் உடனே 1930. நாள் பார்க்காதீங்க, நேரம் பார்க்காதீங்க. சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை மோசடிக்காரர் கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். பணம் அனுப்பிய விவரம், போன் எண், பேச்சுப் பதிவு, அந்தக் கடிதம் எதையும் அழிக்க வேண்டாம்.

வீட்டில் யாராவது ஏமாந்திருந்தால் திட்டாதீங்க. திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். மறைக்கிற நேரத்தில்தான் பணம் கைமாறிப் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கிணறு வெட்டும்போது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கிடைக்கலாம். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கணும். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் அவர்கள் வழி காட்டுவார்கள். மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். "அரசாங்கம் சும்மா எடுத்துக்கொள்ளும்" என்று பயப்பட வேண்டாம். அரசு எடுத்துக்கொண்டால் அந்தப் பொருளின் உலோக மதிப்பும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தரணும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

காசை எங்கே எடுத்தோம் என்ற தகவல் காசைவிடப் பெரிது. 1980-களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, 'பெருவழுதி' என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய சின்னச் செம்புக் காசு ஒன்றை அடையாளம் கண்டார். சங்ககாலப் பாண்டியர் தங்கள் பெயரிலேயே காசு அடித்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்று ஆனது. யாராவது அதை எடைக்குப் போட்டிருந்தால் சில ரூபாய் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. "துபாய் சேட் வாங்குகிறார், பார்சலில் அனுப்புங்க" என்றால் உங்களைக் குற்றத்துக்குள் இழுக்கிறார்கள் என்று பொருள்.

2016-ல் செல்லாததாக்கிய பழைய 500, 1,000 ரூபாய் நோட்டை நினைவுக்காக வைத்திருக்கலாமா? 2017-ம் ஆண்டுச் சட்டப்படி மொத்தம் பத்து நோட்டு வரை வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 வரை. அதற்கு மேல் என்றால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*நோட்டு எண்ணில் நட்சத்திரம் இருக்கிறது. கள்ளநோட்டா, அபூர்வ நோட்டா?*

இரண்டும் இல்லைங்க. அச்சடிக்கும்போது பழுதான நோட்டுக்குப் பதிலாக வைக்கிற நோட்டு அது. நன்றாகச் செல்லும். 2023-ல் ரிசர்வ் வங்கியும் இதைத் தெளிவுபடுத்தியது. சில சேகரிப்பாளர்கள் புது நட்சத்திர நோட்டைத் தேடுவார்கள், ஆனால் லட்சமெல்லாம் இல்லை.

*பத்து ரூபாய் நாணயம் சில கடையில் வாங்க மாட்டேன் என்கிறார்களே?*

ஒவ்வொரு தடவை வரும்போதும் படம் மாறுகிறது, அதனால் சந்தேகம். அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-ல் அறிவித்தது. வடிவம் வேறாக இருப்பதால் மட்டும் காசு போலியாகிவிடாது.

*வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சமாமே?*

2012-ல் வெளியிட்ட நினைவு நாணயம் அது. புழக்கத்திலேயே விட்டார்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்க. பத்து லட்சம் தருகிறேன் என்கிறவரிடம், "நேரில் வாங்க, பணத்தைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்ளுங்க" என்று சொல்லிப் பாருங்க. அதோடு போன் வராது.

*காசை யாரிடம் காட்டிக் கேட்பது?*

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் நாணயவியல் பிரிவு இருக்கிறது. பல மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு. என்ன காசு என்று தெரிந்துகொள்ள அங்குள்ள காப்பாட்சியரை அணுகலாம். விலை சொல்வது அவர்கள் வேலை இல்லை. பல ஊர்களில் நாணய சேகரிப்பாளர் சங்கங்கள் மாதக் கூட்டம், கண்காட்சி நடத்துகிறார்கள். அங்கே போய் நாலு பேரிடம் காட்டுங்க. விலை உயர்ந்த காசு என்றால், அசலா என்று சோதித்து, தரம் குறித்து, மூடிய உறையில் வைத்துத் தருகிற நிறுவனங்கள் உண்டு. அதற்குக் கட்டணம் இருக்கிறது, சாதாரணக் காசுக்குத் தேவையில்லை.

*என் பாட்டி கொடுத்த ஏழு வெள்ளி ரூபாய் இருக்கிறது. விற்கவா, வைக்கவா?*

அவசரத் தேவை இல்லையென்றால் வையுங்கம்மா. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் போடுங்க. சாதாரண பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டாம், நாளாக நாளாகப் பச்சையாகப் பிசுபிசுக்கும். உறை மேலே ஆண்டு, எடை, "பாட்டி கொடுத்தது" என்று பாட்டி பெயரோடு எழுதிவையுங்க. மூன்று படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்க. நாளைக்கு விற்க வேண்டி வந்தால், ஏழு காசின் எடையையும் வெள்ளிக் கணக்கையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவீங்க. அப்போது உங்களிடம் யாரும் விளையாட முடியாது.